பெயர் இருக்கிறது, திதி இல்லை

எம்மவர் வீட்டில் ஒரு சாவு விழுந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முன்னதாகவே ஒரு சிறு புத்தகம் அச்சாகி வந்துவிடும். அதைக் கல்வெட்டு என்கிறோம். அதில் கல்லும் இல்லை, உளியும் இல்லை. முன்னட்டையில் இறந்தவரின் படம். உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, பிள்ளைகளும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் புலம்புவதாக எழுதிய பாடல்கள். சிலவற்றில் வம்சாவழிப் படம். இவற்றுக்கிடையே தவறாமல் ஒரு திதி வெண்பா. இன்ன ஆண்டு, இன்ன மாதம், இன்ன பட்சம், இன்ன திதியில் இன்னார் சிவபதம் அடைந்தார் என்று நான்கு அடிகளில் சொல்லிவிடும். ஆண்டுதோறும் திவசம் செய்யவேண்டிய பிள்ளைக்கு அதுவே நாட்குறிப்பு.

யாழ்ப்பாணத்து வழக்கமான இது எம்மோடு மொன்றியலுக்கும் வந்து சேர்ந்தது. இடப்பெயர்வுகளில் பிறப்பு அத்தாட்சிகள் தொலைந்தன. காணி உறுதிகள் வீட்டோடு எரிந்தன. கல்வெட்டு மட்டும் ஏதோவொரு சூட்கேசின் அடியில் கிடந்து தப்பியிருக்கிறது. இன்று கோத்-தெ-நேஜிலும் பார்க் எக்ஸ்ரென்சனிலும் வளர்ந்த பிள்ளைகள் தம் வம்சாவழியைத் தேடத் தொடங்கும்போது அவர்கள் கைக்கு முதலில் எட்டுவது அநேகமாக இந்தப் புத்தகம்தான். ஆகவே இதில் நாம் என்ன எழுதுகிறோம் என்பது இனி வெறும் சடங்கல்ல. அது சாட்சியம்.

ஐந்து பிள்ளைகளைப் பெற்ற ஒரு தாயின் கல்வெட்டை நினைத்துக்கொள்வோம். மூன்றாவது மகன் 1996இல் யாழ்ப்பாணத்தில் ஒரு சுற்றிவளைப்பில் பிடித்துச் செல்லப்பட்டவன். அந்த ஆண்டில் அங்கே அப்படிப் பல நூறு பேர் காணாமற் போனார்கள். உடல் கிடைக்கவில்லை. எவரும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது தாயின் பிள்ளைகளின் பெயர்களை அச்சுக்குக் கொடுக்கவேண்டும். மகனின் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று போடுவதா?

போட்டால், அறியாத ஒன்றை அறிந்ததாகச் சொல்கிறோம். போடாமல் விட்டால், லண்டனிலும் மொன்றியலிலும் இருக்கும் மற்ற நால்வரைப்போல அவனும் எங்கோ குடும்பத்தோடு இருக்கிறான் என்று வாசிப்பவர் நினைப்பார். பெயரையே விட்டுவிட்டால், அவனைக் கொண்டுபோனவர்கள் செய்ததை நாமும் ஒருமுறை செய்கிறோம். மூன்று வழியிலும் ஒரு பொய் காத்திருக்கிறது. எதை எழுதினால் பொய்யாகாது என்பதே எம் கேள்வி.

குடும்ப வரலாறு எழுதுவதற்கு இந்நாட்டில் கிடைக்கும் படிவங்கள் நான்கு செய்திகளைக் கேட்கின்றன: பிறப்பு, திருமணம், இறப்பு, அடக்கம். நான்காவது எமக்குப் பொருந்துவதில்லை. எம்மவரில் பெரும்பாலோர் சைவர்கள். உடல் எரிகிறது; சாம்பல் கீரிமலைக் கடலிலோ வேறு நீரிலோ கரைகிறது. பாட்டனுக்கும் பூட்டனுக்கும் கல்லறை இருந்ததில்லை. அது குறையாகவும் எமக்குத் தோன்றியதில்லை. ஆகவே பாட்டனின் பெயருக்கு எதிரே அடக்கமிடம் வெறுமையாக இருக்கும். காணாமற்போன மகனின் பெயருக்கு எதிரேயும் அதே இடம் வெறுமையாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டும் ஒரே வெறுமையா? பாட்டனுக்கு எல்லாம் செய்து முடித்ததால் வந்த வெறுமை அது. கொள்ளி வைத்தோம், காடாற்றினோம், எட்டுச் செலவும் அந்தியேட்டியும் செய்தோம், சாம்பலைக் கரைத்தோம். மகனுக்கு எதுவும் செய்யவிடாததால் வந்த வெறுமை. ஐம்பது ஆண்டுகள் கழித்து அந்தத் தாளைப் பார்க்கும் ஒருவருக்கு இரண்டு வெற்றிடங்களும் ஒன்றுபோலவே தெரியும். வெறுமைக்கும் ஒரு சொல் வேண்டியிருக்கிறது.

இந்தச் சிக்கல் எமக்கு மட்டும் உரியதல்ல. நாம் வந்து குடியேறிய கியூபெக் மாகாணத்தில் குடும்ப வரலாறு தேடுவது பெரியதொரு கலை. பிரெஞ்சுக் குடியேற்றக் காலந்தொட்டுக் கோவிற்பற்றுகளில் பதிவேடுகள் பேணப்பட்டன. ஒரு பிரதி கோவிலில் இருக்கும், மற்றது நீதிமன்றத்துக்குப் போகும். 1994இல் அரசே குடிசார் பதிவைப் பொறுப்பேற்கும்வரை குருமாரே பதிவாளர்களாக இருந்தார்கள். அந்த ஏடுகளில் எழுதப்பட்டவை ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றும். இறப்பை அல்ல, அடக்கத்தைத்தான் குரு எழுதினார். எனவே ஆற்றில் மூழ்கி உடல் கிடைக்காதவருக்கும், கம்பளி மயிர் வியாபாரத்துக்காக மேற்கே காடுகளுக்குள் போய்த் திரும்பாதவருக்கும் அந்த ஏட்டில் கடைசி வரி இல்லை.

இத்தகைய மனிதரை இங்குள்ள ஆய்வாளர்கள் எப்படி எழுதுகிறார்கள்? அவருடைய பெயர் உயிருள்ளவராக வரும் கடைசிப் பத்திரத்தைத் தேடுகிறார்கள். பிறகு, மனைவியின் மறுமணப் பதிவிலோ மகளின் திருமணப் பதிவிலோ அவர் பெயருக்கு முன்னால் 'ஃபே' என்ற சிறு பிரெஞ்சுச் சொல் எப்போது வருகிறது என்று பார்க்கிறார்கள். எமது மரண அறிவித்தல்களில் வரும் 'காலஞ்சென்ற' என்ற சொல்லுக்குச் சரியான இணை அது. இந்த ஆண்டுக்குப் பின், இந்த ஆண்டுக்கு முன் என்று இரண்டு எல்லைகளை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். நடுவில் ஒரு நாளைக் கற்பனை செய்து நிரப்புவதில்லை. அறிந்தது எதுவரை என்று கோடு போடுவதும் ஒருவகை மரியாதைதான்.

இங்குள்ள கல்வேலைக்காரருக்கும் இந்த நுட்பம் தெரிந்திருந்தது. மவுண்ட் றோயல் மலையில் 1850களில் தொடங்கிய இரண்டு பெரிய சேமக்காலைகள் இருக்கின்றன. ஒன்று புரட்டஸ்தாந்தருடையது, மற்றது கத்தோலிக்கருடையது. பிரெஞ்சுக் கல்லறைகளில் இரண்டு வாய்பாடுகள் உண்டு. ஒன்று 'இங்கே துயில்கிறார்' என்று பொருள்படுவது. மற்றது 'இன்னாரின் நினைவாக' என்பது. முதலாவதை எழுதக் கல்லின் கீழே உடல் இருக்கவேண்டும். இரண்டாவதற்கு நினைவு இருந்தாற் போதும். முதலாம் உலகப்போரில் பிரான்சிலே மடிந்து அடையாளம் காணப்படாமற் போன மகனின் பெயரை, தாய்தகப்பன் கிடக்கும் கல்லில் சேர்த்துப் பொறிக்கும் வழக்கம் இந்நாட்டின் பல சேமக்காலைகளில் உண்டு. அப்படியான கல்லில் ஐந்து பெயர் இருந்தாலும் ஐந்து உடல் இருப்பதில்லை. கவனமாக வாசிக்கத் தெரிந்தவருக்குக் கல் அதை மறைப்பதும் இல்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றும் இதே நகரில் இருக்கிறது. விக்ரோறியாப் பாலத்தருகே நிற்கும் கறுத்தப் பெரும்பாறையை 1859இல் அந்தப் பாலத்தைக் கட்டிய தொழிலாளர்கள் நிறுத்தினார்கள். 1847, 1848ஆம் ஆண்டுகளில் கப்பற் காய்ச்சலால் இறந்த 6000 குடியேறிகளின் எச்சங்களை இழிவுபடாமற் காப்பதற்காக என்று அதில் எழுதியிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஐரிஷ் மக்கள். அங்கே நிலத்தின் கீழ் உடல்கள் உண்டு, கல்லில் பெயர்கள் இல்லை. எமக்கோ பெயர்கள் உண்டு, உடல்கள் இல்லை.

கடலில் போனவர்களும் உண்டு. 1985 யூன் 23ஆம் திகதி, ரொறன்ரோவிலிருந்து புறப்பட்டு மொன்றியலின் மிராபெல் நிலையத்தில் தரித்துச் சென்ற ஏர் இந்தியா 182 விமானம் அயர்லாந்துக்கு அப்பால் குண்டு வெடித்துச் சிதறியது. இறந்தவர்கள் 329 பேர். கிடைத்த உடல்கள் 131. ஓராண்டு கழித்து அயர்லாந்தின் அகாகிஸ்ரா கடற்கரையிலும், 2011இல் மொன்றியலின் லஷீன் பகுதியிலும் நினைவிடங்கள் அமைந்தன. கூட்டு நினைவிடம் கிடைத்தவரையும் கிடைக்காதவரையும் ஒன்றாக ஏந்திக்கொள்ளலாம். அது அதன் தர்மம். குடும்ப ஏட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. அகாகிஸ்ராவை ஒருவருடைய அடக்கமிடம் என்று எழுதினால், அவர் கரை சேர்ந்தார் என்று ஆகிவிடும்.

நினைவுக்கல்லே பொய் என்று நாம் வாதிடுவதாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எமது மரபு அதற்கு எதிரானது. தமிழர் நடுகல் நட்ட மக்கள். அந்தக் கல் உடல் கிடந்த இடத்தில்தான் நிற்கவேண்டும் என்ற கட்டாயம் இருந்ததில்லை. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டவையாகக் கருதப்படுகின்றன. அவற்றில் ஒன்று மாண்டவன் பெயர், ஊர், ஆநிரை கவர்ந்த பூசல் என்பவற்றைச் சில சொற்களில் சொல்லி முடித்துவிடுகிறது. இங்கே கிடக்கிறான் என்று அது சொல்லவில்லை. தெரிந்ததைச் சொல்லி, தெரியாததில் வாய்திறக்காமல் நிற்கிறது அந்தக் கல்.

சாத்திரங்களும் இதை யோசித்திருக்கின்றன. உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பைப் புல்லாலோ பலாச இலைகளாலோ ஓர் உருவம் செய்து தகனம் செய்யும் விதி உண்டு. ஆனால் அதற்கு முன் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்கவேண்டும் என்று சொல்லும் நூல்களும் உண்டு. எரிப்பது புல்லுருவம் என்பதைச் செய்பவரும் அறிவார், செய்விப்பவரும் அறிவார். இறந்த திதி தெரியாதவருக்கு எம் ஆட்கள் ஒரு திதியைப் புனைந்துகொள்வதில்லை, அமாவாசையில் செய்வார்கள். தகப்பன்மாருக்கெல்லாம் பொதுவாக ஆடி அமாவாசையும் தாய்மாருக்குச் சித்திராப் பௌர்ணமியும் இருப்பதுபோல, நாள் அறியப்படாதவருக்கும் ஒரு பொதுநாளில் இடம் விட்டிருக்கிறது மரபு. எழுத்தறிவில்லாத கிழவிகள்கூடக் காத்த நேர்மை இது. கணினி வைத்திருக்கும் நாம் அதைக் கைவிடலாமா?

போர் இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்கியது. விடுதலைப்புலிகளின் துயிலும் இல்லங்களில் இரண்டு வகைக் கற்கள் இருந்தன. உடல் விதைக்கப்பட்ட இடத்தில் கல்லறை. உடல் கிடைக்காத போராளிக்கு நினைவுக்கல். அரசியலில் எவ்வளவு முரண்பாடு இருந்தாலும், இந்த ஒரு வேறுபாட்டை அங்கே பேணினார்கள் என்பதைச் சொல்லவேண்டும். பிறகு போரில் வென்றவர்கள் இரண்டையும் ஒன்றாகவே உழுதார்கள். கோப்பாய்த் துயிலும் இல்லம் இடிக்கப்பட்ட நிலத்தில் 2011இல் இராணுவத்தின் 51ஆவது படையணித் தலைமையகம் திறக்கப்பட்டது. கல்லறை இருந்தவரும் அன்றோடு கல்லற்றவர் ஆனார்.

இரண்டு கல்லும் கிடைக்காத மூன்றாவது வகையினரும் உண்டு. எம் இயக்கங்களாலேயே கொண்டுபோகப்பட்டவர்கள், மாற்று இயக்கத்தவர் என்றும் துரோகி என்றும் பெயர் சூட்டப்பட்டு அழிக்கப்பட்டவர்கள். அவர்களுக்கு வீட்டுச் சுவரில் படம் மாட்டவும் ஊர் அஞ்சியது. தெற்கிலே 1987க்கும் 1990க்கும் இடையில் காணாமலாக்கப்பட்ட சிங்கள இளைஞருக்காக, சீதுவையின் ரத்தொலுவச் சந்தியில் ஆண்டுதோறும் ஒக்டோபர் 27இல் பெற்றோர் கூடுகிறார்கள். அந்தத் தாய்மாரின் வெற்றிடமும் எமது வெற்றிடம் போன்றதுதான். குடும்ப ஏடு கொடிகளுக்குக் கட்டுப்பட்டதல்ல. யார் கொண்டுபோனார்கள் என்பதற்கேற்ப ஒரு பெயரைச் சேர்ப்பதும் இன்னொன்றை விடுவதும் வரலாறாகாது.

அரசுக்கும் இந்த வெற்றிடத்தில் ஓர் அக்கறை உண்டு: அதை விரைந்து நிரப்பிவிடுவது. இலங்கையில் 2010ஆம் ஆண்டின் தற்காலிக ஏற்பாட்டுச் சட்டம், ஓராண்டுக்கு மேல் காணாமற் போயிருப்பவருக்கு மரண அத்தாட்சிப் பத்திரம் பெற வழிசெய்தது. பல தாய்மார் அதை வாங்க மறுத்தார்கள். வாங்கினால் தேடுவதை நிறுத்தச் சொல்வார்கள் என்று அவர்களுக்கு விளங்கியிருந்தது. 2016இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, இறந்தார் என்று சொல்லாமலே ஒருவர் காணப்படவில்லை என்று அத்தாட்சிப்படுத்தும் பத்திரம் வந்தது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் தொடங்கிய தெருவோரப் போராட்டம் பல ஆண்டுகளாகத் தொடர்ந்தது. அதில் அமர்ந்த பெற்றோரிற் பலர் விடை அறியாமலே இறந்துபோனார்கள்.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். காணாமற்போனவரின் மனைவிக்குக் காணி மாற்ற வேண்டும், வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டும், சில வேளை மறுமணமும் செய்ய வேண்டும். அத்தாட்சிப் பத்திரம் வாங்கிய பெண்ணைக் கணவனைக் கைவிட்டவள் என்று பேச எமக்கு என்ன உரிமை? கியூபெக் குடியியற் சட்டம் காணாமற்போனவரை ஏழு ஆண்டுகளுக்கு உயிரோடிருப்பவராகவே கொள்கிறது. அதன்பின் நீதிமன்றம் அவரை இறந்தவராக அறிவிக்கலாம். வேறு சான்று இல்லாவிட்டால், கடைசியாகக் காணப்பட்ட இடமே இறந்த இடமாக எழுதப்படும். இது வாழ்பவருக்காகச் சட்டம் செய்துகொள்ளும் ஏற்பாடு. அதில் தவறில்லை. அந்த ஏற்பாட்டை நடந்த உண்மையாக வம்சாவழிக்குள் எடுத்து எழுதும்போதுதான் தவறு பிறக்கிறது. 'நீதிமன்றம் இறந்ததாக அறிவித்த நாள்' என்று எழுதலாம். 'இறந்த நாள்' என்று எழுதமுடியாது.

ஆர்ஜென்ரீனாவில் 1977 ஏப்ரல் 30ஆம் திகதி மே சதுக்கத்தில் முதன்முதலாகக் கூடிய தாய்மார், 1986இல் இரண்டாகப் பிரிந்தார்கள். பிரிவுக்கான காரணங்களில் இதுவும் ஒன்று. ஒரு சாரார் புதைகுழி தோண்டுவதையும் நினைவுச் சின்னங்களையும் நட்டஈட்டையும் மறுத்தார்கள். உயிரோடு கொண்டுபோனீர்கள், உயிரோடு தாருங்கள் என்பதே அவர்கள் நிலை. மற்றவர்கள் எலும்புகளையாவது அடையாளம் கண்டு பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவர விரும்பினார்கள். இரண்டு நிலையும் தாய்மையிலிருந்து வந்தவை. எதையும் தவறென்று சொல்ல எமக்குத் துணிவில்லை. ஆனால் இரு சாராரும் ஒன்றில் உடன்பட்டார்கள்: தெரியாததைத் தெரிந்ததாக வேறு எவரும் எழுதிவிட அவர்கள் விடவில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். காணாமற்போன ஒருவரைக் குடும்ப ஏட்டில் எழுதும்போது, இறப்பு என்ற இடத்தில் அவரைக் கடைசியாகக் கண்ட நாளைப் போடக்கூடாது. அதற்கெனத் தனியாக ஒரு வரி வேண்டும்: கடைசியாகக் கண்ட நாள், இடம், கண்டவர் யார், அவரிடம் கேட்டறிந்தவர் யார். அடக்கம் என்ற இடத்தில் 'அறியப்படவில்லை' என்று எழுதவேண்டும். எரிக்கப்பட்டவருக்குத் 'தகனம்' என்று எழுதினால் இரண்டும் குழம்பாது. நினைவிடங்கள் எங்கெங்கே உண்டோ அவற்றை வேறொரு வரியில், யார் எப்போது அமைத்தார்கள் என்பதோடு எழுதவேண்டும். குடும்பம் புல்லுருவம் எரித்துக் கிரியை செய்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதலாம். அது வெட்கப்படவேண்டியது அல்ல. ஒரு குடும்பம் எவ்வளவு காலம் காத்திருந்து, எப்போது களைத்தது என்பதும் வரலாறுதான்.

பெயருக்கு முன்னால் என்ன போடுவது? 'காணாமற் போன' என்ற சொல் பல காலம் எமக்குப் போதுமாயிருந்தது. ஆனால் 'போன' என்ற வினை அவனே எழுந்து போனான் என்பதுபோல் ஒலிக்கிறது. தாய்மார் அதைக் 'காணாமல் ஆக்கப்பட்ட' என்று திருத்தினார்கள். பண்டிதர்கள் செய்யாத இலக்கணத் திருத்தம் அது. செயப்பாட்டு வினைக்குள் செய்தவன் ஒருவன் ஒளிந்திருக்கிறான். பிடித்துச் செல்லப்பட்டவருக்கு அந்தச் சொல்லையே எழுதுவோம். படகு கவிழ்ந்து போனவருக்குக் 'கடலில் காணாமற் போன' என்று எழுதுவோம். அறிந்தது வேறானால் சொல்லும் வேறாகட்டும். அந்தத் தாயின் கல்வெட்டில் மகனின் பெயர் மூன்றாவது பிள்ளையாக அதன் இடத்திலேயே வரட்டும்; முன்னால் 'காணாமல் ஆக்கப்பட்ட' என்று ஆண்டோடு வரட்டும். அமரர் வேண்டாம். வெண்பாவில் அவனுக்குத் திதி இல்லை என்பதை அந்தப் பக்கமே சொல்லும்.

இவ்வளவு கறார் எதற்கு, முப்பது ஆண்டு கழிந்தபின் அவன் உயிரோடு இருப்பான் என்றா நம்புகிறீர்கள் என்று கேட்கலாம். எம் வாதம் நம்பிக்கையைப் பற்றியதல்ல. யாழ்ப்பாணம் செம்மணியில் 1999இல் 15 எலும்புக்கூடுகள் தோண்டி எடுக்கப்பட்டன. இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின், 2025இல், அதே செம்மணிப் பகுதியின் சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடை கட்டத் தோண்டியபோது எலும்புகள் தென்பட்டு, அவ்வாண்டுக்குள் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அவற்றில் சிறுவருடையவையும் உண்டு. அவற்றுக்கு ஒருநாள் பெயர் கிடைக்கவேண்டுமானால், எங்கேயோ ஒரு குடும்பத்தின் ஏட்டில் அந்தப் பெயர் திறந்தபடி இருக்கவேண்டும். அமரர் என்று எழுதி, ஒரு நாளையும் ஓர் இடத்தையும் புனைந்து மூடிவிட்ட குடும்பத்தில், இங்கே பிறந்து பிரெஞ்சில் படித்த பேரப்பிள்ளைக்குத் தேடுவதற்கு எதுவும் மிச்சமிராது. இரத்தம் கொடுத்து ஒப்பிடக் கேட்டாலும், எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை என்று அந்தப் பிள்ளை உண்மையாகவே நம்பிச் சொல்லும்.

பிரான்சின் திப்வால் என்ற ஊரில், சொம் ஆற்றுப் போரில் காணாமற்போன பிரித்தானியப் படையினர் 72,000க்கும் மேற்பட்டவரின் பெயர்கள் ஒரு பெரும் வளைவில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அங்கே ஒரு விதி உண்டு. நூறாண்டு கழித்தேனும் ஏதாவது வயலில் ஒருவரின் எலும்பு கிடைத்து, அடையாளம் தெரிந்து, அவருக்கெனத் தனிக் கல்லறை அமைந்துவிட்டால், சுவரிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடுவார்கள். அந்தச் சுவரில் பெயர் இருப்பதன் பொருள், நாம் இன்னும் உன்னைக் காணவில்லை என்பதுதான். எம் ஏடுகளில் நாம் எழுதும் வரியும் அப்படித்தான் இருக்கவேண்டும்: அழிப்பதற்கு ஒருநாள் வருமானால், மகிழ்ந்து அழிக்கக்கூடியதாக.